மச்சான் கையில் கயிறு

தூத்துக்குடி
9-2-1972

அன்புள்ள தங்கச்சி பிளாரன்சுக்கு அண்ணன் பர்னபாஸ் எழுதிக்கொள்வது.

உன் புருஷன் வில்பிரட் குடித்துவிட்டுப் படகைக் கரையேற்றப் போய், படகுக்கு அடியில் விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உயிருக்கு மோசமில்லை. நடந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அரைகுறை விவரத்தை நம்பி நான் சரக்கும் வாங்குவதில்லை, கடிதமும் போடுவதில்லை. அதனால்தான் தாமதம்.

அம்மாவின் முட்டுவலிக்குத் தைலம் வேம்பார் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள். கொழும்புக்குப் போகவேண்டிய கருவாடு காற்றுக்காகத் தோணியிலேயே காத்துக் கிடக்கிறது. மற்றபடி கடை நன்றாக ஓடுகிறது.

இனி அவன் விஷயம். சேர்த்த அன்றே டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். கூட வந்த சிவனாண்டியும் மற்றச் சங்குகுளிக்காரர்களும், "கடல்ல இருந்து ஏறுனா குளிருக்கு ஒரு வாய் நனைப்பான் சார், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். சிநேகிதன் மானத்தைக் காப்பாற்றினார்களாம். போன வருஷம் சாராயக்கடை திறந்ததிலிருந்து அவன் நனைத்தது வாயா, குடலா என்று உனக்குத் தெரியும். அதனால்தானே பிள்ளைகளோடு வேம்பாருக்குப் பஸ் ஏறினாய்.

திடீரென்று சொட்டுக்கூட இல்லாமல் கிடந்தால் அந்த உடம்பு சும்மா இருக்குமா? இரண்டு நாளில் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. எலும்பு நேராகச் சேர, காலில் கயிறு கட்டி மறுமுனையில் கல் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை, கடலடிக்கு ஆளை இறக்கிக்கொண்டு போகும் குளிகல் என்று நினைத்துவிட்டான். கடலுக்கடியில் கிடப்பதாக எண்ணி, மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றைப் பிடித்து வெட்டி வெட்டி இழுக்கிறான். "மூச்சு முட்டுது, தூக்குங்க மச்சான், ஏன் பாத்துக்கிட்டே நிக்கிய?" என்று ஒரே கூப்பாடு. படகில் நின்று அவன் கயிற்றைப் பிடித்ததை விட்டு நான் தராசைப் பிடித்து எத்தனையோ வருஷமாயிற்று. அவன் நெஞ்சுக்குள் இன்னும் நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் போல.

சிவனாண்டி பிளாஸ்கில் சாராயம் கொண்டுவந்து, ஒரு மடக்கு உள்ளே போனால் எல்லாம் அடங்கிவிடும் என்று வைத்தியம் சொன்னான். நான் நேரே டாக்டரிடம் போய், இவன் காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தப் பாடே வந்திருக்காது, இது ஆளையே கொண்டுபோய்விடும் என்று அவர் ஏசினார். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். "சபையில வச்சு மானத்த வாங்கிட்டீயளே அண்ணாச்சி" என்று சிவனாண்டிக்கு என்மேல் கோபம். மானத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அந்த வார்டில் கிருபை என்று ஒரு நர்சம்மா. நாசரேத்துப் பக்கம். சிவனாண்டியின் பிளாஸ்கை மோந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் அவனிடம், "அண்ணாச்சி, நாளைக்கு இதுல சுக்குக் காப்பி கொண்டாங்க" என்றாள். அவனும் கொண்டுவந்தான். அடிபட்டு வருகிறவர்களில் குடிக்கிறவன் யாரானாலும், வலி குறைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். பிரசங்கம் கிடையாது. கேள்விதான்.

வில்பிரட்டிடம் தொழிலைப் பற்றிக் கேட்டாள். இவனும் பெருமையாகச் சொன்னான். குளிக்கிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும், தங்கச்சி தாலியை நினைத்து அவன் கண்ணை அங்கே இங்கே திருப்பமாட்டான் என்றான். அப்படியே, குடித்துவிட்டுக் கடலில் இறங்குவீர்களா என்று கேட்டாள். "இறங்குனா நெஞ்சு அடைச்சுரும்லா, மொத நா ராத்திரியே தொடமாட்டோம்" என்றான். அப்போ வேண்டாம் என்று நினைத்தால் உங்களால் இருக்க முடியும், இல்லையா என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவன் சரக்கை எடுத்து அவனுக்கே விற்றுவிட்டாள், தங்கச்சி. இத்தனை வருஷம் யாவாரம் பண்ணுகிறேன், இப்படி ஒரு கை பார்த்ததில்லை.

மறுநாள் அவனே அவளைக் கூப்பிட்டு, காலில் கல் தொங்குவதும் குடியால்தான், பெண்டாட்டி பிள்ளைகள் போனதும் குடியால்தான் என்று சொன்னான். அவள் எழுதிக் கொடுத்த வார்த்தையில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

சாம்பல் புதன் வருகிறதே, பனிமயமாதாமேல் சத்தியம் பண்ணிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம் என்றேன். முன்பு பண்ணிய சத்தியம் திருவிழாக் கொடி இறங்கும்வரைதானே நின்றது. தபசுகாலம் முழுக்க வாயைக் கட்டிவிட்டு, ஈஸ்டர் அன்று சேர்த்துவைத்துக் குடிக்கிற கூட்டம் நம்முடையது. மாதாவிடம் ஜெபம் கேள், பேச்சுவார்த்தையை என்னோடு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

உன்னை உடனே திரும்பி வா என்று எழுதமாட்டேன். நீ பட்டதை நான் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஒரு நடை பார்த்துவிட்டுப் போ. பிள்ளைகளைக் கூட்டி வருவதும் விடுவதும் உன் இஷ்டம். வாசல் பக்கம் யார் வந்தாலும் அவன் தலை தானாகத் திரும்புகிறது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் சேசுவின் ஆசீர் உண்டாகட்டும். நாங்கள் பேசி முடித்தது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், கால் பலப்படும்வரை அவன் என் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருப்பான். ஆசை வந்தால் ஒளிக்காமல் ஆள் அனுப்புவான், தராசில் சரக்கு நின்றாலும் போட்டுவிட்டு நான் வருவேன். தவறிக் குடித்துவிட்டால் அவனே வந்து சொல்லவேண்டும், நான் ஏசக்கூடாது. அவன் கயிற்றை அசைக்கவேண்டும், நான் தூக்கவேண்டும். உன்மேல் நிபந்தனை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் பர்னபாஸ்