குரக்கன் புட்டும் ஒன்றரை மணி வானும்

பண்டத்தரிப்பு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

பிள்ளையார் துணையால் நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். போனில் சொல்லலாம்தானே என்பாய், போனை எடுத்தவுடன் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், பிறகு நான் எதைக் கதைப்பது. அதுதான் நாளை பிளேன் ஏறுகிற உன் சிநேகிதி கஜந்தினியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முதலில் ஒன்று, பதறாதே, ஒருவருக்கும் காயம் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது வான் றோட்டை விட்டு இறங்கி, முன்சில்லு வாய்க்காலுக்குள் போய் நின்றுவிட்டது. உள்ளே பதினொரு பிள்ளைகள். நாய் குறுக்கே பாய்ந்தது என்று எல்லாருக்கும் சொன்னார், தாய் தகப்பன்மாரும் நம்பினார்கள், நானும்தான். மறுநாள் முன்சீற்றில் வரும் சின்னப்பிள்ளை ஜெசிதா என்னிடம், நாய் ஒண்டும் வரேல்லை மாமி, மாமா கண்ணை மூடிக்கொண்டுதான் வான் ஓடினவர் என்றாள். நேரே வந்து அப்பாவைக் கேட்டால், ஓமப்பா, கொஞ்சம் கண் அசந்துபோனன், உதைப் போய்ப் பெருசாக் கதைக்காதை என்று சீறி விழுகிறார்.

நான் விடுவேனா, நேற்றுக் காலை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரத்தத்தில் சீனி ஏறிக் கிடக்கிறது. மத்தியானம் என்ன சாப்பாடு என்று டொக்டர் பிள்ளை கேட்டா. சீனி வருத்தம் என்று தெரிந்த நாள் தொடக்கம் சோறே இல்லை, குரக்கன் புட்டுத்தான் என்று நான் நிமிர்ந்து இருந்து சொன்னேன். எவ்வளவு என்றா. ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவிப்பேன், கறுத்தக்கொழும்பான் காலம் என்றால் இரண்டு மாம்பழமும் பிசைவார் என்றேன். ஐயோ அம்மா, குரக்கனும் மாச்சத்துள்ள தானியம்தானே, அளவு கூடினால் சோறும் அதுவும் ஒண்டுதான், உதுக்குள்ளை மாம்பழம் வேறையோ என்றா. மத்தியானத்தில் எவருக்கும் உடம்பு கொஞ்சம் சோருமாம், வயிறு முட்ட மாச்சாப்பாடு போனால் நித்திரை இன்னும் அமத்துமாம், சீனியும் அடங்காதவருக்குக் கேட்கவே வேண்டாமாம். புட்டைப் பாதியாய்க் குறைத்து, கீரை, மீன், பருப்பைக் கூட்டி, சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கட்டும், சீனி அடங்கி நான் திரும்பப் பார்க்குமட்டும் வான் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டா. எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் மனுசன் இன்றைக்கும் ஓடினார். பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணை நான் வானை ஓடித் தாறன் என்று வந்து நிற்கிறார், இவர் ஓம் என்கிறார் இல்லை, பதினாறு வருச ஓட்டத்திலை ஆராவது ஒரு குறை சொல்லியிருக்கினமோ என்கிறார். பிள்ளைகளை ஒன்றரைக்கு ஏற்ற ஒரு மணிக்கு வான் வெளிக்கிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. வாசல் படலைக்குப் போகிறேன், குசினிக்கு வருகிறேன், திரும்பப் படலைக்குப் போகிறேன், இன்றைக்குக் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். நீயும் காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஓடிவிட்டு மத்தியானம் சோற்றைக் குவித்துச் சாப்பிடுகிறாய், பிறகு வேலையில் கொட்டாவி விடுகிறேன் என்று சிரிக்கிறாய், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை மகள்.

நாளைக் காலை, வான் எடுக்க முதல், பதினொரு வீட்டுக்கும் நானே போய், நாய் வரவில்லை, அவர் நித்திரையாகிவிட்டார் என்று சொல்லப் போகிறேன். இது உன் கையில் கிடைக்கும்போது சொல்லி முடிந்திருக்கும், அப்பா என்னோடு கதைக்காமல் இருப்பார். இருக்கட்டும். நீ அவரை ஏசாதே, ஏசுவதென்றால் என்னை ஏசு. வான் வாய்க்காலுக்குள் போன அன்று அவர், போதும், காணும் என்று சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை வைத்தவர். வான் ஓடுற ஆளுக்கு உது காணுமோ என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு மிச்சப் புட்டையும் போட்டது நான்தான்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாய் இருக்க வேண்டும். போன் எடுக்கும்போது வானைப் பற்றிக் கேட்காதே, முதலில் அவரைக் கொஞ்சம் கதைக்க விடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா, பூரணம்