சடையில் இறுகிய சேறு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபோனில் சொல்லக் கூச்சப்பட்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். முழங்கால் வலி தேவலையா?

ஆலைக் கழிவு தேங்கிய குளத்தில் சிமெண்ட் கலந்து, கட்டடம் தாங்கும் தரையாக இறுக்குகிறோம். அழுகிய முட்டை நாற்றம். நம் வீட்டின் முதல் பட்டதாரி சேறு கிளறுகிறாள் என்று யாரிடமும் சொல்லாதே. நேற்று கலவைக் குழாய் பிய்த்துக்கொண்டு என் தலையில் கொட்டிவிட்டது. பயப்படாதே, காயமில்லை. இயந்திரம் ஓட்டும் அண்ணன், "குளத்துக்கு முன்னாடி உன் சடை கெட்டியாயிடும்மா!" என்று சிரித்தார். அப்படியே ஆனது. எத்தனை முறை அலசியும் கல்லாய்க் கிடக்கிறது, படுத்தால் அதன் நாற்றம் குமட்டுகிறது. அறைத்தோழி கட்டிலை நகர்த்திக்கொண்டாள்.

தலையில் கட்ட இரண்டு பழைய துப்பட்டா அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அம்மா, நீ பார்த்துப் பார்த்து வளர்த்த முடி. கழுத்தோடு வெட்டிவிடட்டுமா? அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.