நோயாளிகளுக்கு இடது வலது தெரியாது என்ற குறிப்பை நீக்க வேண்டி

அனுப்புநர்
யாவோ செனாயா,
சிமெண்ட் கல் வார்ப்பவர் (தற்போது வேலை இல்லை),
மீன் சந்தைக்குப் பின்புறம்,
லோகோபே.

பெறுநர்
மண்டல சுகாதார இயக்குநர் அவர்கள்,
ஹோ நகரம்.

பொருள்: லோகோபே மருத்துவமனையில் பயிற்சி மாணவி எசிநாம் அக்பெகோ செய்துவந்த மெய்நிகர் கருவி ஆய்வை மீண்டும் தொடங்க அனுமதிக்கவும், நோயாளிகளைப் பற்றி எழுதப்பட்ட தவறான குறிப்பை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். என் கையாலேயே நான் எழுதும் முதல் மனு இது. முன்பெல்லாம் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வேன். அவர் எழுதியது அழகாக இருக்கும். நான் சொன்னது மட்டும் அதில் இருக்காது. இந்த மனுவில் உள்ள பிழைகள் எல்லாம் என்னுடையவை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே.

1. போன மழைக்காலத்தில் எனக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை மூடியபடியே நின்றுவிட்டது. ஒற்றைக் கையால் கல் வார்க்க முடியாது. வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. தேவாலயத்தில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கும் தவறாமல் போனேன். அந்தப் பிரிவின் தலைவர் திரு. டோட்சே என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தி நடக்கவைத்தவர். இந்த மனுவில் அவர் மேல் குறை சொல்கிறேன். அவரால்தான் இன்று நடக்கிறேன் என்பதையும் அதே தாளில் எழுதிவைக்கிறேன்.

2. அக்ராவில் படிக்கும் மாணவி எசிநாம், படிப்பின் கடைசி ஆண்டுக் களப்பயிற்சிக்காக இந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். மெய்நிகர் கருவியைக் கொண்டு பக்கவாதம் வந்தவர்களின் கையை அசைக்கவைக்க முடியுமா என்பது அவருடைய ஆய்வு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அந்தக் கருவியை இரவலாகக் கொடுத்திருந்தது. அதைக் கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டால் மருத்துவமனைச் சுவர் மறைந்துவிடும். ஒரு கடைக்குப் பின்னால் நாம் நின்றுகொண்டிருப்போம். இடது கையில் ஒரு கைப்பிடியை வாரால் கட்டிவிடுவார்கள். அதை நாம் கொஞ்சம் அசைத்தாலே போதும், படத்தில் நம் கை முழுதாக நீளும். வாங்க வருகிறவர்களுக்குப் பழத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். “படத்துல இருக்கற கை நல்லா அசையும் தாத்தா. அதப் பாத்து உங்க கை வெக்கப்பட்டு தானும் அசையணும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி” என்று எசிநாம் சொன்னார். எனக்குப் புரிந்தது.

3. முதலில் கருவிக்குள் இருந்தது அந்த வெளிநாட்டவர் ஊர்ச் சந்தை. தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் ஆப்பிள் வாங்க வந்தார்கள். இடது கை விழுந்த நோயாளிகள் நாங்கள் எல்லோரும் தாராளமாக எடுத்துக் கொடுத்தோம். மழைக்காலம் முதல் திறக்காத என் விரல்கள் அந்தக் கைப்பிடியின் மேல் திறந்தன. அன்று இரவு வீட்டில் அக்ப்லே களி சாப்பிடும்போது கிண்ணத்தை இடது கையால் பிடித்துக்கொண்டேன். என் மனைவி வெண்டைக்காய்ச் சாற்றை ஊற்றுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4. எசிநாம் அத்தோடு நிற்கவில்லை. “நம்ம சந்தையாவே இருந்தா இன்னும் நல்லா நம்புவீங்க” என்று சொல்லி, திரு. டோட்சேயிடம் அனுமதி பெற்று, லோகோபே சந்தையையே படமாக எடுத்துக் கருவிக்குள் வைத்தார். தக்காளி, மிளகாய், சுட்ட மீன் எல்லாம் இருந்தன. வாங்க வந்தவர் நீலத் துணி உடுத்தி, தலையில் துணி கட்டிய ஒரு மூதாட்டி. படம் எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், இல்லாத மீன் வாடைக்கு நான் மூக்கைச் சுருக்கினேன்.

5. அந்த நாளோடு எங்கள் கைகள் நின்றுவிட்டன. மூதாட்டி கை நீட்டுவார். எங்கள் இடது கை அசையாது. வலது கை தானாக எழும். வலது கையில் கைப்பிடி இல்லாததால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. நான் மட்டுமல்ல, எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான். கருவி போடும் மதிப்பெண்கள் சரிந்தன. எங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. எசிநாம் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

6. காரணத்தை வெளியே கொண்டுவந்தது திருமதி அப்லா டெக்போர். சந்தையில் மிளகாய் விற்றவர். எனக்கு வந்த அதே நோய், அதே பக்கம். ஒரு நாள் கருவியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது: “ஏன்டி பொண்ணே, அந்தக் கெழவிக்கு இடது கையால தக்காளிய நீட்டச் சொல்றியே, அவ அத என் மூஞ்சிலயே அடிக்க மாட்டாளா? அப்புறம் நான் சந்தையில கடை போட வேணாமா?”

“அது படம்மா. அவங்களுக்குக் கோவமே வராது.”

“உனக்கு யாரு சொன்னா? மொறைக்கிறா பாரு.”

எல்லோரும் சிரித்தோம். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். அதற்கு அவர், “கேக்காம இருப்பேனா யாவோ அண்ணே? கேட்டாச்சு. அவ பதிலே சொல்ல மாட்டேங்கறா. வாய்க்குள்ள அக்ப்லே உருண்டைய வெச்சுக்கிட்டு நிக்கறா” என்றார்.

எசிநாம் சிரிக்கவில்லை. அப்லா சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

7. நம் வழக்கம் தங்களுக்குத் தெரியும். ஆயினும் கருவியை அனுப்பியவர்கள் இந்த மனுவைப் படிக்க நேரலாம் என்பதால் எழுதுகிறேன். நாம் யாருக்கும் இடது கையால் எதையும் கொடுப்பதில்லை. வேறு வழி இல்லாதபோது “இடது கை, மன்னிக்கணும்” என்போம். எதிரில் இருப்பவர் “அதுவும் கைதானே” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை கை நீளாது. வெள்ளைக்காரருக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதனால் அவருக்குக் கொடுத்தோம். நம் ஊர் மூதாட்டிக்குக் கொடுக்க முடியவில்லை.

8. எசிநாம் தன் கைபேசியை அப்லாவின் வாய் அருகே பிடித்து, அந்தப் பதிலைச் சொல்லச் சொன்னார். “கோவமா சொல்லவா, ஆசையா சொல்லவா?” என்று அப்லா கேட்டார். சந்தையில் சொல்வது போலச் சொன்னால் போதும் என்றார் எசிநாம். “அப்ப அவசரமாத்தான் சொல்லணும். பின்னாடி ஆளு நிக்குது.” அந்தக் குரலை மூதாட்டியின் வாயில் வைத்தார். அடுத்த முறை நான் கருவியைக் கட்டிக்கொண்டு, மன்னிக்கணும் என்றேன். அதுவும் கைதானே என்றார் மூதாட்டி. என் இடது கை, தக்காளியோடு, தோள் உயரம் வரை போனது. அம்மையீர், வெள்ளைக்காரருக்குக் கொடுத்தபோதுகூட அது இடுப்பைத் தாண்டியதில்லை. அப்லாவின் முறை வந்தபோது, “என் கொரலே எனக்கு மன்னிப்புக் குடுக்குது, கேட்டீங்களா” என்று அழுதுகொண்டே கொடுத்தார்.

9. இந்தக் குரலைச் சேர்க்க எசிநாம் அனுமதி வாங்கவில்லை. அது உண்மை, அவரும் மறைக்கவில்லை. அக்ராவில் ஒப்புக்கொண்ட ஆய்வுத் திட்டத்தை நடுவில் மாற்றக்கூடாது என்பது விதி என்று திரு. டோட்சே சொன்னார். அன்றே ஆய்வை நிறுத்தினார். குரல் வைத்த பிறகு வந்த மதிப்பெண்களைத் தள்ளிவிட்டு, கை எழாத நாட்களின் மதிப்பெண்களை மட்டும் வைத்து அறிக்கை எழுதினார். எசிநாமைப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்பினார். கருவி சாமான் அறையில் பூட்டிக் கிடக்கிறது. மாத இறுதியில் இரவல் கொடுத்தவர்களிடம் திரும்பிப் போகும். பயிற்சி முடியாததால் எசிநாமுக்கு இந்த ஆண்டு பட்டம் கிடைக்காது. அப்லாவின் விரல்கள் மறுபடி மூடத் தொடங்கிவிட்டன. என்னுடையவை இன்னும் மூடவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் பார்த்துக்கொள்கிறேன்.

10. ஆய்வு முடிந்தது என்ற அறிவிப்பை நோயாளிகளுக்காக நம் மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் தனியாகப் படித்த முதல் எழுத்து அதுதான். சுற்றி நின்றவர்கள் கேட்கும்படி உரக்கப் படித்தேன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, ஒரு சொல்லும் விடாமல் படித்தேன். “அடேங்கப்பா, அண்ணன் பாதிரியார் மாதிரி படிக்கறாரே” என்று அப்லா கேலி செய்துகொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் பேச்சு நின்றது. அப்போதுதான் நான் என்ன படித்தேன் என்று என் காதில் விழுந்தது. முதுமையாலும் கல்வி இல்லாமையாலும் இந்நோயாளிகளுக்கு இடது வலது வேறுபாடு தெரியவில்லை, ஆகவே இக்கருவி இவர்களுக்குப் பயன்படாது என்று எழுதியிருந்தது.

11. திரு. டோட்சேயிடம் போய்க் கேட்டேன். “அது வெறும் படம், பெரியவரே. படத்துக்கு எதுக்கு மரியாதை?” என்றார். அவரும் நம் ஊர்க்காரர்தான். எனக்குத் தண்ணீர் கொடுத்தால் வலது கையால்தான் கொடுப்பார். அவருக்கான பதிலை வீட்டுக்கு வந்து யோசித்து இப்போது எழுதுகிறேன். படம் என்று தெரிந்தும் அதை நிஜம் என்று நம்பினால்தான் கை அசையும். கருவியின் வேலையே அதுதான். நம்புகிறவன் முழுதாகத்தான் நம்புவான். தக்காளியை நம்பு, மூதாட்டியை நம்பாதே என்று அவனிடம் சொல்ல முடியாது. எங்கள் கை எழாமல் நின்றது கருவி தோற்றதால் அல்ல. எசிநாம் செய்த சந்தை அவ்வளவு நிஜமாக இருந்தது.

12. ஆகவே கருவி திரும்பிப் போவதற்கு முன், செல்வி எசிநாம் அக்பெகோ எங்கள் பிரிவுக்கு வந்து, மூதாட்டியின் குரலோடு, முறையான அனுமதியோடு, ஆய்வை முடிக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். அந்த வாக்கியத்தைச் சுவரிலிருந்தும் அறிக்கையிலிருந்தும் எடுக்க வேண்டும். எங்களுக்கு இடது எது, வலது எது என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கை நின்றது. திரு. டோட்சேயின் வேலைக்கு இந்த மனுவால் எந்தக் கெடுதலும் வரக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு மறுபடி நடக்கும் அன்று அவரும் ஒரு முறை கருவியைக் கட்டிக்கொண்டு, இடது கையால், குரல் இல்லாத மூதாட்டிக்கு ஒரு தக்காளி கொடுத்துப் பார்க்கட்டும்.

இந்த மனுவை என் வலது கை எழுதியது. தாள் நகராமல் முதல் வரியிலிருந்து இதுவரை பிடித்துக்கொண்டிருப்பது என் இடது கை. ஆகையால் இது இரண்டு கையாலும் தங்களிடம் வருகிறது. இடது கைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இடம்: லோகோபே
நாள்: ஆகஸ்ட் 12, 2024

இப்படிக்கு,
யாவோ செனாயா
(கையொப்பம், சொந்தக் கையால்)

உடன் ஒப்புதல்: அப்லா டெக்போர். இடது கைப் பெருவிரல் ரேகை. விரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவரே நீட்டினார்.