பயத்துக்கு வைத்த குழாய்

வெருக்கியோ
ஜூன் பதினாறு

அன்புள்ள நீவெஸ்,

இங்கே நானும் அம்மாவும் நலம் என்று இந்த முறை தயங்காமல் எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஹோபார்ட்டில் குளிர் தொடங்கியிருக்கும், வீட்டுக்குள்ளும் கம்பளிக் காலுறை போட்டுக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும். நீ அனுப்பிய தேன் வந்து சேர்ந்தது. அம்மா அதைக் கடையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கொடுத்து என் மகள் அனுப்பியது என்று சொல்லியே பாதியைத் தீர்த்துவிட்டாள். மே மாதம் ஆலங்கட்டி மழை பெய்தும் நம் செர்ரி மரம் தப்பித்துக்கொண்டது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு கதையின் கடைசியை முதலில் சொல்லிவிடுகிறாள். அதனால் ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன். படித்த பிறகு என்மீது கோபம் வந்தால் அதையும் வரிசையாக எழுதி அனுப்பு.

பிப்ரவரியில், அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, அவளுடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அப்பா, நான் ஆஸ்பத்திரில தினமும் இந்த மாதிரி இடுப்பைத்தான் பாத்துட்டு இருக்கேன். ஆபரேஷன் நல்லா நடந்தாலும் இடது காலுக்குப் பழைய பலம் வராது. வண்டி சாஞ்சா அம்மாவால பிடிக்க முடியாது. வித்துடுங்க" என்றாய். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள். உன் அம்மா ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுத்த சில நாள் நம் பியாதினா ரொட்டிக் கடையில் மாவை உருட்டினாள், தேய்த்தாள், சுட்டாள், காசு வாங்கினாள், ஒருவரையும் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. தபால்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். பிறகு செசேனாவிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். காட்டுவதற்காக அம்மா அதை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். அது இடப்பக்கம் சாய்ந்தது, அவர் ஓடிவந்து பிடித்தார். பிடித்ததோடு விட்டிருக்கலாம், "பரவால்லைங்கம்மா, ஆம்பளைங்களுக்கே கஷ்டமான வண்டி" என்று ஆறுதல் வேறு சொன்னார். விலை பேசாமலே அவரை அனுப்பிவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள், "வாத்தியாரே, வாழ்நாள் பூரா பசங்களுக்குப் பாலம் வரையச் சொல்லிக் குடுத்தியே, என் ஒத்தைக் கால் தாங்குற மாதிரி ஒரு வண்டி வரைய மாட்டியா? எஞ்சின் என்னோடதா இருக்கணும், அவ்வளவுதான். மத்தது உன் இஷ்டம்." ஜூனில் மேட்டுக் கோட்டைக்குச் சாலையை மூடிவிட்டு நடத்துகிற பழைய வண்டி ஊர்வலத்தில் ஓட்டிப் பார்ப்பதாகவும், "வரிசையில நிக்கும்போது யாராவது வந்து பிடிக்க வேண்டியிருந்துச்சுன்னா அன்னைக்கே வித்துடுறேன், நீவெஸ்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றும் சொன்னாள். பாலம் அசையக் கூடாது, வண்டி அசைய வேண்டும், எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, என் கணக்கை நம்பி அவள் வளைவில் இறங்கி ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் எனக்கு இன்னொரு துண்டு சீஸ் வைத்தாள். சம்மதம் வாங்கிவிட்டதாக அதற்கு அர்த்தம்.

எதையும் அளக்காமல் தொடங்க எனக்கு வராது. குளியலறை எடைத் தராசை எடுத்து வந்து அம்மாவின் இடது காலுக்கு அடியில் வைத்து, நோகாமல் எவ்வளவு அழுத்த முடிகிறது என்று பார்த்தேன். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதினேன். பழைய வண்டி ஒரு சாண் சாய்ந்தால் காலில் எவ்வளவு விழுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல பன்றிக்குட்டி அளவு வித்தியாசம் இருந்தது. இருக்கை, மட்கார்டு, பெட்ரோல் தொட்டி என்று எதைக் குறைத்தாலும் பாதிதான் தேறியது. மிச்சம் வண்டியின் சட்டத்திலிருந்துதான் வர வேண்டும், நீ பார்க்கிற நோயாளிகளுக்கு இடுப்பெலும்பு எப்படியோ வண்டிக்குச் சட்டம் அப்படி. பழைய சட்டத்தில் எஞ்சின் தொட்டிலில் கிடக்கிற குழந்தை மாதிரி, கனமான இரண்டு குழாய்கள் அடியில் போய் அதைத் தாங்கும், அது சும்மா படுத்திருக்கும். ஆனால் வண்டியிலேயே மிகக் கெட்டியான பொருள் எஞ்சின்தான். அதையும் சட்டத்தின் ஒரு உறுப்பாக வேலை வாங்கினால் அடியில் குழாயே வேண்டாம். ஹேண்டில்பார் கழுத்திலிருந்து மெல்லிய உருக்குக் குழாய்கள் முக்கோணம் முக்கோணமாக இறங்கி வந்து எஞ்சினைப் பிடிக்க வேண்டும், பின்சக்கரம் எஞ்சினுக்குப் பின்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், முன்பாதியையும் பின்பாதியையும் எஞ்சினே இணைக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, நம் பக்கத்துப் பந்தயக்காரர்கள் எல்லோரும் அறிந்ததுதான். அடியில் குழாய் இல்லை என்றால் எஞ்சினை இரண்டு விரல் கீழே இறக்கலாம், பாரம் தாழ்ந்தால் காலில் விழுகிற சுமையும் குறையும். கணக்குப் போட்டேன், வந்தது. நம்பிக்கை வராமல் வேறு வழியில் போட்டேன், அதே விடை வந்தது. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பற்றவைக்கிற வேலையை அம்மாவின் சிநேகிதி ஃபோஸ்கா எடுத்துக்கொண்டாள், கேட்டும் கிராதியும் செய்கிறாளே, அவள்தான். மெல்லிய குழாயைப் பார்த்ததும் "வாத்தியாரே, இது வண்டியா, துணி காயப்போடுற ஸ்டாண்டா" என்றாள். இருந்தாலும் அழகாகச் செய்தாள், ஒட்டு ஒவ்வொன்றும் மீன் செதில் அடுக்கினது போல இருந்தது. எஞ்சின் அப்போது அவள் பட்டறையில் இல்லை. நம் கடையின் பின்னறை மேசையில் அம்மா அதைப் பிரித்துப்போட்டுப் புது பிஸ்டன் வளையங்கள் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பொறுத்திருந்திருக்க வேண்டும். பொறுக்காமல் வெறும் சட்டத்தையே சோதித்துவிட்டேன். பின்பக்கத்தை இரும்பு மேசையில் இறுக்கி, கழுத்துக்குள் நீளக் கம்பியைச் செருகி, அதன் நுனியில் நம் கடை மாவு மூட்டையைத் தொங்கவிட்டு, எவ்வளவு முறுகுகிறது என்று ஊசிமானியில் பார்த்தேன். ஊசி ஓடிய ஓட்டத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. இப்படி முறுகுகிற சட்டம் வளைவில் பாம்பு மாதிரி நெளியும், அதன்மேல் உட்காரப்போவது உன் அம்மா. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்துக்கு அடியில் குறுக்காக ஒரு தடித்த குழாயும் அதைப் பிடிக்க இரண்டு கைகளும் வரைந்து ஃபோஸ்காவிடம் கொடுத்தேன். அவளும் பற்றவைத்துவிட்டாள். அதற்கான அளவைப் பழைய வண்டியின் படத்திலிருந்து எடுத்திருந்தேன்.

மே மாதம் அம்மா எஞ்சினை முடித்துக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாங்கள் மூவரும் சங்கிலியில் தூக்கிச் சட்டத்துக்குள் இறக்கினோம். இறங்கவில்லை. திருப்பினோம், சாய்த்தோம், ஃபோஸ்கா அதன் தாயையும் பாட்டியையும் திட்டினாள். எஞ்சினின் போல்ட் ஓட்டைகள் சட்டத்து ஓட்டைகளுக்குச் சரியாக இரண்டு விரல் மேலே நின்றுவிட்டன. புது எஞ்சின் இடத்தைக் கீழே இறக்கியது நான், இறக்கியதை மறந்து குழாயைப் பழைய அளவில் வைத்ததும் நான். ஃபோஸ்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒண்ணு எஞ்சினை வெட்டணும், இல்ல குழாயை வெட்டணும், இல்ல வாத்தியாரை வெட்டணும். ஆர்ஜியா, நீ சொல்லு" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்து, "நீ மொதல்ல போட்ட படத்துல இது இருந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இது எதுக்கு?" என்றாள். பயத்துக்கு என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதான் உண்மை. ஃபோஸ்கா சிரித்த சிரிப்பில் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்த வெல்டிங் முகமூடி கழன்று விழுந்தது. அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "கணக்கு தப்புன்னு தெரிஞ்சு வச்சியா, இல்ல கணக்கு போட்டது நீங்கறதால வச்சியா?" என்றாள். "வெட்டு" என்று ஃபோஸ்காவிடம் சொன்னாள்.

வெட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று நான் வெளியே போய் அத்தி மரத்தடியில் நின்றேன். திரும்பி வந்தபோது எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, அதற்குக் கீழே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. போல்ட்டுகளை முறுக்கினோம். அதே கம்பியில் அதே மூட்டையைத் தொங்கவிட்டோம். ஊசி அசையவில்லை. மானி கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டினேன், பிறகுதான் ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. இன்னொரு மூட்டை போட்டேன். என் முதல் கணக்கில் எவ்வளவு என்று எழுதியிருந்தேனோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். எஞ்சின் இல்லாத வெறும் சட்டத்தைச் சோதித்து, துணி போர்த்தாத குடைக்கம்பியைக் காற்றில் பிடித்துப் பார்த்துவிட்டு இது குடையே இல்லை என்று சொன்னவன் நான். இருந்தாலும் மூட்டையில் மாவு குறைந்திருக்குமோ என்று எடை போட்டேன், சரியாக இருந்தது. மறுபடி தொங்கவிட்டேன். ஃபோஸ்கா, "ஊசி மேல சந்தேகம், மாவு மேல சந்தேகம், அடுத்து என் மேல வரும், நான் சாப்பிடப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். சக்கரங்கள் மாட்டிய பிறகு தராசைக் கொண்டுவந்து அம்மாவின் இடது காலுக்கு அடியில் வைத்தோம். ஒரு சாண் சாய்த்தாள். சுவரில் எழுதியிருந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே முள் நின்றது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நினைத்து எனக்கு ஊர்வலம் வரை சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர்வலம் சென்ற ஞாயிற்றுக்கிழமை. கோட்டை வாசலுக்குக் கீழே ஏற்றத்தில் வரிசை நிற்பதும் நகர்வதுமாக இருந்தது, நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவள் இடது காலை ஊன்ற வேண்டும். நான் இடப்பக்கமாகக் கைகளை நீட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். "கையை எடு, லெயார்கோ. நான் என்ன நடை பழகுற குழந்தையா? போட்டோல வேற விழும்" என்றாள். எடுத்துக் கால்சட்டைப் பைகளில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து முன்னால் போன பெரிய வண்டி சடாரென்று நின்றது. அம்மாவும் நிறுத்தினாள், சரளைக்கல்லில் கால் வழுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, ஒரு சாணுக்கும் அதிகமாக. நான் பாய்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். கை பையில் சிக்கிக்கொண்டது, இழுத்தேன், வரவில்லை. வந்தபோது வண்டி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அவள் ஒற்றைக் காலால் ஒரு தள்ளு தள்ளி நிமிர்த்தியிருக்கிறாள், யாரும் தொடவில்லை. தலைக்கவசத்துக்குள்ளிருந்து "பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். உண்மையில் கண்ணை மூடியிருந்தேன். ஃபோஸ்கா கைபேசியில் எடுத்த படத்தில்தான் பிறகு பார்த்தேன், உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காதே, அவள் காலைப் பார். நீ தினமும் கால்களைப் பார்க்கிறவள், அது எப்படி இருக்கிறது என்று எனக்கு உள்ளதை எழுது. மேலே போய்த் திரும்பி வந்து அவள் சொன்னது ஒன்றுதான், "வளைவுல நான் நினைக்கிற இடத்துக்கு எனக்கு முன்னாடி அது போயிடுது." அன்று மாலை கடையில் வந்தவர்கள் அத்தனை பேரையும் கிண்டல் செய்து தீர்த்துவிட்டாள். தபால்காரர் நிம்மதியாகப் போனார்.

வெட்டிய குழாயை ஃபோஸ்கா முனைகளை அடைத்து, பளபளவென்று தேய்த்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது அம்மா அதில்தான் மாவு தேய்க்கிறாள். மரத்தை விட நன்றாக உருள்கிறதாம், மாவு ஒட்டவும் இல்லையாம். கேட்கிறவர்களிடம் இது என் வீட்டுக்காரர் பயத்தில் செய்தது என்று சொல்லுகிறாள். உன்னிடமும் சொல்லுவாள், ஆச்சரியப்படுவது போல் காட்டிக்கொள்.

இன்னொன்று, இதை அவளிடம் இப்போதைக்குக் கேட்காதே. நேற்று, பின்னால் ஓர் இருக்கை போட முடியுமா என்றாள். சட்டத்தில் அதற்கு இடம் விடவில்லை, என் எடையும் ஏறினால் காலில் சுமை கூடும் என்றேன். "நிக்கும்போது நீயும் கால் ஊனுவல்ல, அப்ப எனக்கு மூணு கால் ஆகுது. அதையும் கணக்குல சேத்துக்கோ" என்றாள். இன்று காலை நான் தராசில் ஏறி நின்று பார்த்தேன். பின்பக்கத்துக்கு இரண்டு முக்கோணம் கூடுதலாக வரைந்திருக்கிறேன், ஒரு தடவைதான் கணக்குப் போட்டேன், அடியில் குழாய் ஏதும் வைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், இரவுப் பணி முடிந்து வருகிறபோது வழி வெளிச்சமாக இருக்க வேண்டும். தேன் இன்னும் ஒரு புட்டி அனுப்பு, கடைக்கு வேண்டாம், வீட்டுக்கு. உன் பழைய தலைக்கவசம் மாடி அலமாரியில் இருந்தது, என் தலைக்குச் சரியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா,
லெயார்கோ