குரல் மட்டும்

ஜூலை 28, 1999 - புதன்

கெவின் இன்று ஊருக்குப் போய்விட்டார். மூன்று வாரம் எங்களுக்கு வகுப்பெடுக்க மெல்பர்னிலிருந்து சேனல் வரவழைத்த ஆள். ராஜா அண்ணாமலைபுரத்து ஆபீஸ் மாடியில் கடைசி நாளும் கேசட் போட்டுக் காட்டினார். 1956-ல் ஒலிம்பிக்ஸைக் காட்டுவதற்காக அவசரமாக டிவி வந்த ஊராம் மெல்பர்ன். இப்போது மாலை ஆறு மணிக்கு இரண்டு சேனல்கள் செய்தியோடு நேருக்கு நேர் மோதுகின்றன. செய்திக்கு முன்னால் வரும் பரிசுப் போட்டி சரிந்தால் செய்தியும் சரிந்துவிடும் என்று அதற்கே தனியாகச் சண்டையாம். முன்பெல்லாம் ஜனங்கள் எந்த சேனல் பார்த்தோம் என்று தாங்களே எழுதிவைப்பார்கள். இப்போது அதைக் கணக்கெடுக்க டிவியோடு ஒரு பெட்டி. காலையில் ஆபீஸுக்கு வரும்போதே நேற்று யார் தோற்றார்கள் என்று தெரிந்துவிடும்.

பேட்டி கேட்டு நிருபர் துக்க வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது. "தட்டு, கேள், வேண்டாம் என்றால் திரும்பி வா" என்றார் கெவின். எங்கள் செய்தி ஆசிரியர் நிரஞ்சன் சார் அதைத் தமிழில் சொன்னபோது, "முகம் இல்லாம திரும்பி வராதீங்க" என்றார்.

கெவின் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை நான்.

ஆகஸ்ட் 3 - செவ்வாய்

கார்கில் முடிந்ததும் எங்கள் எட்டு மணிச் செய்தியை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இந்த வார ரேட்டிங்கிலும் அடையாறுக்காரர்கள்தான் மேலே. எதிர் சேனலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நிரஞ்சன் சார் வாங்கிய காப்பியைத் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 5 - வியாழன்

ஜுவேரியாவின் அப்பா இறந்துவிட்டார்.

நேற்று மாலை மழையில் தி.நகரில் ஒரு கிடங்குச் சுவர் விழுந்தது. வளையல் பெட்டி எடுக்க உள்ளே போயிருந்திருக்கிறார். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் அவருக்கு வளையல் கடை.

காலேஜில் மூன்று வருஷம் ஜுவேரியாவும் நானும் ஒரே பெஞ்ச். அவள் அம்மாவை நானும் அம்மி என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அம்மி எனக்கு வளையல் தருவார். கையைப் பிடித்துப் பார்க்கவே மாட்டார், பார்வையிலேயே அளவு. "உனக்கு ரெண்டு நாலு. எலும்பாக் கீறே, உங்க வூட்ல சோறு போடறதில்லியா?"

சுவர் விழுந்த இடத்தை அடையாறுக்காரர்கள் நேற்றே காட்டிவிட்டார்கள். இன்று மீட்டிங்கில் நிரஞ்சன் சார், அவர்களிடம் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். "அவர் என் ஃப்ரெண்டோட அப்பா சார்" என்றேன். மீட்டிங்கில் நானாக வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

ஏன் சொன்னேன்? துக்கத்தில் வந்ததா, இல்லை எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்றா?

ஆகஸ்ட் 6 - வெள்ளி

போய்விட்டு வந்தோம்.

கேமராமேன் சைஃப் மைலாப்பூரில் அவர்கள் தெருமுனையிலேயே வேனை நிறுத்திவிட்டான். "அவங்க இத்தாவுல இருப்பாங்க. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் உள்ளதான். வெளி ஆம்பள யாரும் பாக்கக்கூடாது. நான் வர மாட்டேன். சின்ன கேமராவ எடுத்துக்கினு நீ போ. லென்ஸ் மூடியத் தொறக்காத. கொரல் மட்டும் புடி." வேன் கதவைத் திறந்துவிட்டான். "இன்னா, புரிஞ்சுதா?"

உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்மி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வளையல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, சாப்ட்டியா?" என்றார்.

செய்திக்காகக் குரல் மட்டும் எடுக்க வந்திருப்பதைச் சொன்னேன். யோசித்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "மழை கொன்னுச்சுன்றாங்க. மழையா கொன்னுச்சு? பக்கத்துல கட்டடம் கட்றவங்க செங்கல்ல அந்த சொவத்து மேல சாச்சு அடுக்கனாங்க. இவரு போய் சொன்னாரு. 'பாய், நீ போய் வளையல வில்லு'ன்னாங்களாம். அத ஊருக்குச் சொல்லணும். கொரல் மட்டும்தானே? மூஞ்சி வராதே?"

"வராது அம்மி."

"செண்பகம் சொன்னா சரிதான்" என்றாள் ஜுவேரியா.

அம்மி தலை குனிந்து, உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் மூடியைக் கழற்றினேன்.

எழுதிவிட்டேன். கழற்றினேன். யாரும் என் கையைப் பிடித்துக் கழற்றவில்லை. எடுத்து மட்டும் வைப்போம், கொடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுகை வந்தபோது அவர் முகத்தை நிமிர்த்தினார். நான் இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன்.

எடிட்டிங் அறையில் நிரஞ்சன் சார், "இதான்... இதான் வேணும்" என்றார்.

"சார், அவங்க குரல் மட்டும்..."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

ஆகஸ்ட் 7 - சனி

நேற்று எட்டு மணிக்கு வந்துவிட்டது. செங்கல் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டார்கள். முகமும் அழுகையும் மட்டும். பின்னால் வயலின்.

சைஃப் இன்று வேறு ஆளோடு வேனில் கிளம்பிவிட்டான்.

ஆகஸ்ட் 10 - செவ்வாய்

முதல் முறையாக அடையாறுக்காரர்களை முந்திவிட்டோம். ஆபீஸில் பால்கோவா. அம்மி முகத்தை வைத்து விளம்பரம் செய்திருக்கிறார்கள் - "உங்கள் கண்ணீரோடு நாங்கள்". மணிக்கொரு முறை வருகிறது.

பால்கோவாவை வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. தின்றேன்.

ஆகஸ்ட் 12 - வியாழன்

ஜுவேரியா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, எதிரே டீக்கடை ஓரமாகவே நின்றாள்.

"மாமூ வந்து கத்திட்டுப் போனாரு. இத்தாவுல குந்திக்கினு ஊருக்கே மூஞ்சியக் காட்டினியான்னு.  அம்மி உன்ன ஒரு வார்த்த திட்டல. டிவிய சொவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டாங்க, அவ்ளோதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்னு கேக்க வரல செண்பகம். அந்த விளம்பரத்த மட்டும் நிறுத்தச் சொல்லு. பக்கத்து வூட்ல போட்டாலும் சத்தம் கேக்குது. அம்மி அழுவறத அம்மியே கேட்டுக்கினு உக்காந்துகிறாங்க."

"சொல்றேன்" என்றேன்.

ஆகஸ்ட் 13

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

சொல்லவில்லை. நிரஞ்சன் சார் அறைக் கதவு வரைக்கும் போனேன். அவர் போனில் இருந்தார். போனை வைத்தார். நான் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 20 - வெள்ளி

மதியச் செய்தி வாசிக்க என்னை எடுக்கப் போகிறார்களாம். "அமைதியான முகம்" என்றார் நிரஞ்சன் சார்.

அம்மாவிடம் சொன்னேன். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நைனா ஆட்டோவை நிறுத்தியதும் அவரிடமும் ஒரு தடவை. ராத்திரி டிவியில் அந்த விளம்பரம் வந்தது. "அந்த பாய் வூட்டம்மா அழுவறதப் பாத்தா எனக்கும் அழுவ வருதுடி. நீயா எடுத்தே?" என்று கேட்டாள். நைனாவும் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான்.

ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றேன். 

ஆகஸ்ட் 24 - செவ்வாய்

சொல்லிவிட்டேன். மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும். 

"அவங்க குரலுக்கு மட்டும்தான் சம்மதிச்சாங்க சார். மூடியத் தொறந்தது நான். அவங்களுக்குத் தெரியாது. விளம்பரத்த நிறுத்திடுங்க. அவங்க சொன்ன செங்கல் விஷயத்த, முகம் இல்லாம, குரலா போடுங்க."

 சைஃப் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"செங்கல்லப் போட்டா நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும்" என்றார் நிரஞ்சன் சார். "முகமில்லாம குரலா? கறுப்புத் திரையப் பாத்தா ஜனம் ரிமோட்டத் தூக்கும்மா. அடுத்த பட்டன்ல அடையாறுக்காரன் உக்காந்திருக்கான். ஏம்மா, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

முன்னாடியே. ஆமாம். எடிட்டிங் அறையில், அவர் "என்னது?" என்று கேட்டபோது. அதற்கும் முன்னால், அம்மி உட்கார்ந்திருந்த அந்தப் பாயில்.

செய்தி வாசிக்க வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9 - வியாழன்

விளம்பரம் நின்றுவிட்டது. நான் கேட்டதற்காக அல்ல. நேற்று ஒரு பள்ளி வேன் கவிழ்ந்தது. இன்று காலையிலிருந்து அதே வயலின், வேறு ஒரு அம்மா.

நின்றுவிட்டது என்று ஜுவேரியாவுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொள்வாளே. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22

இப்போது எனக்கு வானிலைச் செய்தி எழுதும் வேலை. மழை. மிதமான மழை. ஆங்காங்கே கனமழை.

டிசம்பர் 15 - புதன்

இத்தா முடிந்திருக்கும். நோன்பும் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராகப் பாண்டி பஜார் போனேன்.

கடை திறந்திருந்தது. ஜுவேரியாவின் அப்பா உட்காரும் இடத்தில் அம்மி, தலையில் வெள்ளைத் துப்பட்டா. எதிர்ப்பக்கம் செருப்புக்கடைக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். வளையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "ஏய், டிவில அழுதாங்களே, அவங்கதானே?" என்றாள். சாலையைத் தாண்டி எனக்கே கேட்டது.

"ஆமாம்மா, நான்தான்" என்றார் அம்மி. "செவப்பா, பச்சையா?"

அவர்கள் போனதும் நான் போய் முன்னால் நின்றேன். நோன்பில் அவர் உதடு காய்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. தெரியாதவர் போலவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வளையல் அடுக்கிய குழலில் கை வைத்து, எல்லோரிடமும் கேட்பதுபோல் என்னிடமும் கேட்டார்.

"என்ன அளவும்மா?"

ரெண்டு நாலு என்றேன்.