அப்பா இல்லாத படம்

சிம்பாங் பூலாய்,
14.8.1983

அன்பு மகன் சதாசிவத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கு சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, செல்லாயி அக்கா மகளுக்கு ஆயர் தாவாரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அதெல்லாம் இருக்கட்டும், முதலில் எனக்கு ஒன்று சொல், உன் அப்பா எப்போது செத்தார்?

நீ செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த என் படத்தை ஈப்போவில் கண்காட்சியில் வைக்கிறார்கள், வரைந்தவர்களும் வாங்கியவர்களும் ஒவ்வொரு படத்தின் கதையையும் சொல்வார்கள், போய்ப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய், போனோம். நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லி லோரியோடு வந்தார்களே, அன்றைக்கு மழையில் மடியில் பாராங் கத்தியோடு வாசற்படியில் நான் உட்கார்ந்திருந்தது, அதைத்தான் கீறியிருக்கிறாய். மழையில் பொட்டு அழிந்துபோனதைக்கூட விடவில்லை. அதை வாங்கிய துணிக்கடை அப்துல் ஹலீம் எழுந்து, இந்த அம்மா புருசனைப் பறிகொடுத்தவங்க, தன்னந்தனியா நின்னு வீட்டைக் காப்பாத்துனாங்க, வரைஞ்ச மவனே என்கிட்ட சொன்னாருலா என்கிறார். பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைக்கிறாள். தின்னக் கொடுத்த கறிபாப்பை அப்பா கடிக்காமல் தட்டில் வைத்தார்.

பிறகு எழுந்து, அந்தப் புருசன் நாந்தாங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அன்னைக்கு இவ எந்திரிக்கமாட்டேன்னுட்டா, நான் தகரத்த இவ தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு நின்னேன், பொழுது சாயவும் லோரி திரும்பிப் போயிருச்சு, மாத்து வீடு குடுத்த பொறவுதான் வெளியானோம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்துல் ஹலீம் வந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? நீயும் அன்றைக்கு உள்ளேயிருந்து பார்த்தவன்தானே. கதை கனமாக இருக்கட்டும் என்று பெற்றவரைச் சாகடிப்பாயா? எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? அப்பாவோ ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது, அந்தத் தகட்டுல எனக்கு எடம் பத்தாம இருந்திருக்கும் மங்களம் என்றார். அதற்குப் பிறகு எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இதை எழுத வேண்டாம் என்றார், நான் எழுதிவிட்டேன். நீ அவருக்குத் தனியாக எழுது, எனக்கு வேண்டாம். திராவகத்தில் வெறுங்கையை விடாதே, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
பி. மங்களம்
(பி என்றால் பிச்சைமுத்து. உயிரோடு இருக்கிறார்.)