வலது முன்சக்கரம்

இன்று காலை வண்டியின் மேல் கிடந்த உறையை இழுத்தேன். முதலில் வந்தது பிரேக் ஆயில் வாசனை. இத்தனை மாதம் மூடிக் கிடந்தும் போகவில்லை. அடுத்துக் கண்ணில் பட்டது என் பாவாடை நாடா. வலது முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், ஸ்பிரிங்கில் நீங்கள் போட்ட முடிச்சோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பாவி மனுஷா, அதைத் தேடி அன்றைக்கு பீரோவையே கவிழ்த்தேனே நான்.

"கேலிப்பரைக் கழட்டினா ஓஸ்ல தொங்க விடக்கூடாதும்மா. பாரம் தாங்காது, அறுந்துடும். எதுலயாவது கட்டி வெக்கணும்" என்பீர்கள். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் அந்த இரும்பைக் கட்ட ஊரில் வேறு கயிறே இல்லை பாருங்கள்!

பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் வெறுங்காலோடு நடக்கிற ஜனமுமாக நெரியும் இந்தத் திருவண்ணாமலையில் யாராவது டர்போ கார் வாங்குவார்களா? நீங்கள் வாங்கினீர்கள். சென்னையில் யாரோ ஓட்டி அலுத்த வண்டி. மூன்றாவது கியருக்கு மேல் போட ரோடு ஏது என்று நான் கேட்டால், "வேகம் ஜாஸ்தியா இருக்கற வண்டிக்கு நிக்கத்தான் மொதல்ல தெரியணும். செங்கம் ரோட்டுல ஒரு சாமியார் குறுக்க வந்தா டக்குனு நிக்கணும்" என்று பதில் வரும். ஓட்டியதைவிட பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் உங்களுக்கு அதிகம்.

அதற்கு நாளும் வைத்திருந்தீர்கள், பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை எல்லாம் அடைத்துவிடுவார்கள், வேங்கிக்காலில் நம் தெருமுனை வரை பஸ் நிற்கும். எப்படியும் வண்டியை எடுக்க முடியாது, சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிடலாம். ஊரே மலையைச் சுற்றும், நீங்கள் வண்டியைச் சுற்றுவீர்கள். இதைவிட நல்ல யோசனை இல்லை என்று நானும் நினைத்தேன்.

அன்றைக்கும் பௌர்ணமிதான். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, புது பிரேக் பேட் போட்டீர்கள். கூடவே ஆயில் வரும் பழைய ரப்பர் ஓஸையும் மாற்றினீர்கள். ஓஸைக் கழற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும், காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அங்கேதான் எனக்கு வேலை. நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்திருப்பேன். நீங்கள் சக்கரத்துப் பக்கம் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறப்பீர்கள். ஆயிலோடு காற்று வரும், பெடல் மெல்ல அமுங்கித் தரையைத் தொடும். நீங்கள் நட்டை மூடி "எடு" என்ற பிறகுதான் நான் காலை எடுக்கலாம். முன்னாடியே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு தடவை அடுப்பில் பால் பொங்குகிறதென்று நான் எழுந்து ஓடிவிட்டேன். "பால் பொங்குனா பொங்கட்டும்டி, நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத!" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

அன்று இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் வந்தீர்கள். இடிக்கிறது, கதவைச் சாத்திக்கொள் என்றீர்கள். பானெட் திறந்திருந்ததால் முன்னாலும் ஒன்றும் தெரியவில்லை, உங்கள் குரல் மட்டும்தான்.

"மிதி. மிதி. புடி."

"புடிச்சிருக்கேங்க."

பெடல் இறங்கித் தரையைத் தொட்டது. காத்திருந்தேன். சத்தமே இல்லை. கை துடைக்கிறீர்கள் போல என்று நினைத்தேன். "எடுக்கட்டுமாங்க?" என்றேன். "வெளையாடாதீங்க, அடுப்புல பருப்பு கெடக்குது" என்றேன். கால் மரத்துப்போன பிறகுதான் கதவைத் திறந்தேன். ஸ்பேனரைப் பிடித்தபடி ஒருக்களித்துக் கிடந்தீர்கள். சட்டைக் கையில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவு வேகமான வண்டி, சக்கரம் இல்லாமல் நின்றது. ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ரேவதியின் வீட்டுக்காரர் பைக்கில், நடுவில் நீங்கள், பின்னால் உங்களைக் கட்டிப் பிடித்தபடி நான். "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாவம், ஒதுங்கத்தான் பார்த்தார்கள். அத்தனை ஜனம் எங்கே ஒதுங்கும்? "ஹார்ட் அட்டாக். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சக்கரம் இருந்திருந்தாலும் எந்த ரோட்டில் போயிருப்போம் என்று உங்கள் தம்பி சமாதானம் சொல்கிறார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வண்டி வெளியே போக முடியாத நாள் என்று பார்த்துப் பார்த்துக் கழற்றினோமே, நாம் போக வேண்டி வரும் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா?

உங்கள் தம்பிதான் வண்டிக்கு ஆள் பிடித்திருக்கிறார். நாளைக்கு வருகிறார்கள். "லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க அண்ணி, நீங்க எதுக்கு அதைத் தொடறீங்க?" என்றார். முடியாது என்றேன். நீங்கள் பாதியில் விட்ட வேலையை முடித்து, அதன் சக்கரத்தில் அதுவே போகட்டும் என்று இருந்தது. இன்றைக்கும் பௌர்ணமி.

ரேவதியைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்தேன். புது ஆயில் ஊற்றினேன். நீங்கள் கிடந்த இடத்தில் நான் படுத்தேன். சிமெண்டுத் தரையில் அன்று சொட்டிய ஆயில் கறை இன்னும் இருக்கிறது.

"மிதி. மிதி. புடி."

"புடிச்சிருக்கேன்க்கா."

நட்டைத் திறந்தேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினேன். எல்லாம் நீங்கள் செய்தது போலவே. அடுத்து நான் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்.

வரவில்லை.

"அக்கா, எடுக்கட்டுமா?" என்றாள். அன்றைக்கு நான் கேட்ட அதே கேள்வி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "அக்கா! அக்கா!" என்று அலறியபடி கதவைத் திறந்து ஓடி வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றேன். அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. நாடாவின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை.

நாளைக்கு லாரி வரும், வண்டி போய்விடும். எனக்கு மிச்சம் என் வலது கால்தான். சாப்பிட உட்கார்ந்தாலும், பஸ்ஸில் போனாலும், அது தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலிக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை. நீங்கள்தான் இன்னும் எடு என்று சொல்லவில்லையே.